வெள்ளிக்கிழமை மீன் வாங்கப் போன கார்

2024 யூன் 14, வெள்ளிக்கிழமை. காலையில் வீடு கழுவி, சாமி கும்பிட்டு, இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டேன். பின்னேரம் மகளின் சாதகத்தைச் சட்டைப் பையில் வைத்தபோது புரோக்கர் காருடன் வந்து நின்றார்.

வாயைத் திறக்காமலே கலியாணம் பேசி முடிக்கக்கூடிய மனிதர் யாழ்ப்பாணத்தில் அவர் ஒருவர்தான். ஊமைப் புரோக்கர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். இணுவிலில் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போவதென்றாலும், மருதனார்மடம் சந்தைக்குப் போய் ஒரு பூசணிக்காய் வாங்கிக்கொண்டு, பின்பக்கப் படலையால்தான் நுழைவார். அவர் வீட்டில் கிழமை முழுக்கப் பூசணிக்காய்க் கறி.

பேச்சு வெளியே கசிந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கு மொட்டைக் கடிதம் போய்விடும். என் மகளுக்குப் பேசிய இரண்டு இடங்கள் அப்படித்தான் கலைந்தன. இதுவும் கலைந்தால் இனிப் பேச்சே வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

கார் புதிது. கனடாவிலிருக்கும் அவருடைய மகன் வாங்கிக் கொடுத்தது. வல்வெட்டித்துறையில் மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால் அதை நிறுத்தியதும் புரோக்கரின் போன் அடித்தது. மகனின் மாமியார், இணுவிலிலிருந்து. குரல் காரின் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“சம்பந்தி, வல்வெட்டித்துறையிலை ஆருக்குப் பேசுறியள்?”

“ஆர் சொன்னது?”

“உங்கடை கார் நிக்கிற இடம் கனடாவிலை என்ரை மகளின்ரை போனிலை தெரியுதாம்.”

“நான் மீன் வாங்க வந்தனான்.”

“வெள்ளிக்கிழமையோ?”

வெள்ளியில் முட்டைகூடத் தொடாத மனிதர். படலையைத் திறக்காமலே திரும்பினோம். வழியில் காரை ஓரங்கட்டி மகனுக்கு அடித்தார்.

“நிப்பாட்டடா உதை!”

“என்ரை போனிலை நிப்பாட்டலாம் அப்பா. இவளின்ரை போனிலை நிப்பாட்ட நான் ஆர்? கார்க் கொம்பனிக்கும் எல்லாம் போகுது.”

“கொம்பனிக்காரன் மொட்டைக் கடிதம் எழுதமாட்டான். உன்ரை மாமியை நினைக்கத்தான் நடுக்கம்!”

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“யோசியாதையுங்கோ மாஸ்டர். நாளைக்குச் சனிக்கிழமை. காரை ஆஞ்சநேயர் கோயிலடியிலை விடுவன். கனடா வடிவாப் பாக்கட்டும். மனிசன் விடியத்தொடக்கம் கும்பிடுறார் எண்டு நினைக்கும்.”

“அப்ப வல்வெட்டித்துறைக்கு?”

“உங்கடை சைக்கிளைத் தாங்கோ. அது ஆருக்கும் சொல்லாது.”

அவருக்கு எழுபது வயது. முழங்கால் இரண்டிலும் வலி. குளிரூட்டிய காரைக் கோயிலடியில் விட்டுவிட்டு அவ்வளவு தூரமும் வெயிலில் மிதிக்கப் போகிறார், என் பிள்ளைக்காக.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சைக்கிளின் இரண்டு சில்லுக்கும் காற்றடித்து, சீற்றின்மேல் ஒரு துவாயை மெத்தென்று மடித்துக் கட்டினேன்.