இரண்டாவது பிரேக்

பிரேக் அண்ணனுக்கு மன அழுத்தம் என்று திங்கட்கிழமை சாயங்காலம் முடிவாகிவிட்டது. முடிவு செய்தது டாக்டர் இல்லை, சாட்சாத் பிரேக் அண்ணனேதான்.

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர் அவர். பெயர் மாணவர்கள் வைத்தது. அந்த ஸ்கூல் கார்களில் சொல்லித் தருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்தே ஊரில் பாதிப் பேரை முழுசாக வீடு சேர்த்தவர். அப்பேர்ப்பட்ட மனுஷன், பெண்டாட்டிக்கு மட்டும் சொல்லித் தராமல் வருஷக்கணக்காக டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தார். சொந்தக் காரில் இரண்டாவது பிரேக் இல்லை என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. அந்தக் காரில் ஒரு கீறல் விழுந்தால் அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. அதன் சாவியை இன்னொருவர் கையில் பார்க்கவே அவருக்குப் பயம்.

அன்றைக்குப் பெண்டாட்டி கெடு வைத்துவிட்டாள். "வர்ற ஞாயித்துக்கிழமை சாவி என் கைக்கு வரணும், ஆமா."

அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போனவர் சுவரில் ஒரு போஸ்டரைப் பார்த்தார். மனசில் பதற்றம் ஏறினால் நெஞ்சு படபடக்குமாம், உள்ளங்கை வேர்க்குமாம், வாய் வறண்டு தோள் இறுகி, பசிகூடப் போய்விடுமாம். அட, நமக்கென்றே எழுதியிருக்கிறானே என்று வரி விடாமல் மனப்பாடம் செய்துகொண்டார்.

சாப்பாட்டு மேஜையில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. எல்லாம் ஸ்ட்ரெஸ். ஸ்கூல்ல சொல்லித் தர்றதே உடம்பு தாங்கல. இதுல வீட்டுலயும்னா நான் அவ்வளவுதான்."

"கை வேர்க்குதா?"

"ஊத்துது."

பிடித்துப் பார்த்தாள். ஈரம் இருந்தது. கூடவே சோப்பு வாசனையும் இருந்தது.

"வாய் காயுதா? பசி?"

"பசியா? அது போய் ரொம்ப நாளாச்சு," என்று தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடு."

பல் பிடுங்க வருகிறவர்களின் முகத்தைத்தான் அவள் நாள் முழுக்கப் பார்க்கிறாள். நிஜமாக நடுங்குகிறவன் எவன், லீவுக்காக நடுங்குகிறவன் எவன் என்று கதவு திறக்கும்போதே தெரிந்துவிடும். ஆனாலும் தன் முகத்தில் அத்தனை கவலையைக் காட்டினாள்.

"ஐயோ பாவம். இனிமே உங்களுக்கு எந்தத் தொந்தரவும் கிடையாதுங்க."

ஜெயித்துவிட்டோம் என்று அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அன்றைக்கு விட்ட குறட்டையில் ஜன்னல் கதவு அதிர்ந்தது.

காலையில் பார்த்தால் ஆணியில் சாவி இல்லை. வாசலுக்கு ஓடினார். ஸ்டியரிங் முன்னால் அவள்.

"நெஞ்சு படபடக்கிற மனுஷன் வண்டி ஓட்டலாமா? ஏறுங்க, நான் கொண்டுபோய் விடறேன்."

"உனக்குத்தான் ஓட்டவே தெரியாதே."

"லைசென்ஸ் வாங்கி ஒரு மாசமாச்சு. உங்க ஸ்கூல்லதான் கத்துக்கிட்டேன். நான் வர்ற நேரத்துல உங்களுக்கு மட்டும் ஏன் வெளியூர் ரோட்டு கிளாஸாவே போட்டாங்கன்னு நினைச்சீங்க?"

"அப்ப முதலாளிக்குத் தெரியுமா?"

"வாட்ச்மேனுக்கே தெரியும். நீங்களா மனசு வந்து சாவியைத் தருவீங்களான்னு பார்த்தேன். நீங்க ஸ்ட்ரெஸ்ஸைத் தந்தீங்க."

கார் கிளம்பியது. எதிரே ஒரு லாரி. பிரேக் அண்ணன் ஓங்கி மிதித்தார். காலடியில் இருந்தது வெறும் ரப்பர் மேட். திருப்பத்தில் மறுபடி மிதித்தார். மார்க்கெட் தெருவில் இரண்டு காலாலும் மிதித்தார். அவளோ கண்ணாடி பார்த்து, கை காட்டுகிறவர்களுக்கு வழி விட்டு, அலுங்காமல் ஓட்டினாள். இவ்வளவு நன்றாக ஓட்டுகிறாளே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இனி அந்தச் சாவி எங்கே திரும்பி வரப்போகிறது? வாய் வறண்டது. தோள் காதுவரை ஏறியது. நெஞ்சு நிஜமாகவே அடித்துக்கொண்டது.

ஸ்கூல் வாசலில் முதலாளி, வாட்ச்மேன் எல்லாரும் நின்று கை தட்டினார்கள். அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, அவர் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள். சொட்டச் சொட்ட வேர்வை. சோப்பு வாசனை துளியும் இல்லை.

"பாவம்ங்க, உங்களுக்கு நிஜமாவே இருக்கு," என்றாள். "நாளையிலேர்ந்து பின் சீட்டுல உட்காருங்க."