ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மீன்

என் ஞாயிற்றுக்கிழமைகளை மீட்டே தீருவது என்று முடிவு செய்தேன். தலை போனாலும் சரி.

என் மனைவியின் அண்ணனுக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்தது. எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்கள் குப்பையில் போட்டிருக்கலாம். ஒரு குட்டிப் பாட்டிலில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் மச்சான் வீட்டுக்குப் போகிறோம். அவர் பாட்டிலைக் குலுக்குகிறார், நான் "அடேயப்பா" என்கிறேன். அவர் பேச்சில் அந்தக் கல் வாராவாரம் வளர்ந்துகொண்டே வருகிறது. இப்போது ஏறக்குறைய எலுமிச்சை அளவு.

"இனிமே ஞாயித்துக்கிழமை நான் மீன் பிடிக்கப் போறேன்" என்றேன் மனைவியிடம்.

"நீங்களா? அந்தத் தூண்டில் வாங்கினதுலேருந்து இந்த வீட்டுக்கு ஒரு மீன் வந்திருக்கா?"

"வரலன்னா அது மீனோட தப்பு."

"சரி, இந்த வாரம் ஒரே ஒரு மீன் பிடிச்சுட்டு வாங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை பூரா உங்களுது. அண்ணனை நானே போய்ப் பாத்துக்கறேன்."

"பிடிக்கலன்னா?"

"தூண்டில் பரண்ல, நீங்க அண்ணன் வீட்டுல. ஆயுசுக்கும்."

இவ்வளவு லேசில் அவள் எதற்கும் சம்மதித்ததே இல்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனாலும் என் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. எங்கள் ஆற்றுக்கே சொந்தமான ஒரு மீன் வகையைத் தூண்டில்காரர்கள் பிடித்துப் பிடித்தே அருகிப்போகச் செய்துவிட்டார்கள். அதனால் ஊர்க் கோடியில் ஒரு மீன் பண்ணை வைத்து, மிச்சமிருந்த மீன்களிடம் முட்டை எடுத்துப் பொரிக்கவைத்து, தொட்டியில் வளர்த்து, லாரியில் கொண்டுபோய் ஆற்றில் விடுகிறார்கள். அங்கே தீனி போடும் வேலை என் மனைவிக்கு. குஞ்சாக இருந்த நாள் முதல் அந்த மீன்களுக்கு அவள் கையால்தான் சாப்பாடு. எனக்கும் அப்படித்தான். ஆனால் மீன்களை அவள் அதட்டி நான் கேட்டதில்லை.

இந்த வாரம் மீன் விடும் வாரம். எந்த இடத்தில் விடுகிறார்கள் என்பது பரம ரகசியம். சொன்னால் தூண்டில்காரர்கள் அன்றைக்கே வந்து குந்திக்கொள்வார்களே! வீட்டில் கேட்டால் முறைப்புதான் கிடைக்கும். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். பண்ணை லாரி ஓட்டுநர் கண் சோதிக்க என் கடைக்குத்தான் வருவார். வந்தார். பிடித்துக்கொண்டேன்.

"எங்க விட்டீங்க? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"பழைய பாலத்துக்குக் கீழ சார், ஆறு வளையுற இடம். அக்கரையில உக்காருங்க. முழங்கால் அளவுதான் தண்ணி."

கெஞ்சவில்லை. டீகூட வாங்கித் தரவில்லை. சொல்லிவிட்டார். இதுவும் எனக்குப் புரியவில்லை.

ஞாயிறு காலை கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்தாள்.

"தொப்பி எடுத்துக்கிட்டீங்களா?"

"ம்."

"புழு?"

"இருக்கு."

"நல்ல கொழுகொழுன்னு இருக்கே! சாப்பாடு நானே எடுத்துட்டு வரேன். நிதானமா பிடிங்க."

என்னை வீட்டுக்குள் அதட்டுகிற அதே வாய்தான். நான் குழம்பிக்கொண்டே நடந்தேன்.

ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் மீன்! கூட்டம் கூட்டமாக! வீசினேன். ஒரு மீன் வந்து புழுவைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. போய்விட்டது. இன்னொன்று வந்தது. அதுவும் அப்படியே. புழுவை மாற்றினேன். இடத்தை மாற்றினேன். வேறு வழி தெரியாமல் தொப்பியைக்கூட மாற்றி வைத்துப் பார்த்தேன். தக்கை அசையவே இல்லை. இவ்வளவு மீனை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றுகூடக் கிடைக்காமல் இருப்பது எப்படி? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெயில் உச்சிக்கு ஏறியபோது எதிர்க்கரையில் மனைவி வந்து, மரத்தடியில் உட்கார்ந்து காரியரைப் பிரித்தாள். கரண்டியால் மூடியில் டண் டண் என்று தட்டினாள்.

தண்ணீர் கொதித்தது. அத்தனை மீனும் திரும்பி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்தடித்துக்கொண்டு அவள் காலடிக் கரைக்கு ஓடின. வாயைத் திறந்து திறந்து மூடின.

"இது என்ன அநியாயம்?" என்று கத்தினேன்.

"பண்ணையில இப்படித்தான் தட்டித் தீனி போடுவேன். இந்தச் சத்தமும் அந்த உருண்டைத் தீனியும்தான் அதுங்களுக்குத் தெரியும். புழுவும் சாப்பாடுதான்னு கத்துக்கவே நாளாகும்."

"அப்ப அந்த லாரிக்காரர்..."

"நான்தான் சொல்லச் சொன்னேன். வேற எங்கயாவது உக்காந்து, தப்பித் தவறி ஒண்ணு மாட்டிட்டா?"

இந்த ஆற்றிலேயே மீன் நிச்சயமாகக் கடிக்காத ஒரே இடத்தில் என்னை உட்கார வைத்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தை அவளிடம் காட்ட முடியுமா? மீன்களிடம் காட்டினேன்.

"சீ! வெக்கங்கெட்ட ஜென்மங்களா! ஆத்துல கொண்டுவந்து விட்டும் புத்தி வரலியே! எவளோ மூடியைத் தட்டினா இப்படியா ஓடி வருவீங்க? கொஞ்சமாவது ரோஷம் வேணாம்?"

"அதுங்கள ஏன் திட்டறீங்க? பாவம்" என்றாள் மனைவி, தட்டில் எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே. "சீக்கிரம் சாப்பிடுங்க. அண்ணன் பாட்டிலோட காத்துக்கிட்டு இருப்பார்."

தட்டை வாங்கிக்கொண்டேன்.

"ஆமா" என்றாள் அவள், என்னை மேலும் கீழும் பார்த்து. "அக்கரையிலதானே இருந்தீங்க? எப்ப இங்க வந்தீங்க?"

குனிந்து பார்த்தேன். கால்சட்டை முழங்கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.