கோழியும் ஒரு கூடை மாம்பழமும்

பத்திரிகையில் தலைப்பு எழுதிப் பழகியவனை நல்ல காரியத்துக்கு அழைத்துப் போகக் கூடாது. நானோ, எண்பதுகளில் நியூஜெர்சியில், எனக்கே பெண் பார்க்கப் போனேன். (தனியாக. தடுக்க ஆளில்லை.)

மாலதி பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனுக்கே காரோடு வந்திருந்தாள். பிளெய்ன்ஸ்பரோவில் அவர்கள் அபார்ட்மென்ட் வருவதற்குள், கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அவள் செய்யவில்லை என்பது சின்ன விவரம்.

அவள் அப்பா ஸாம்பியாவில் பல வருடம் கணக்கு வாத்தியார். மாலதி பட்டம் வாங்கியதும் அந்த நாட்டின் தேசியப் பல்கலைக்கழகத்தில்தான்.

"ஆப்பிரிக்கா டிகிரிக்கு இங்க மதிப்பு இருக்கா, அங்கிள்?" என்றேன்.

"மாஸ்டர்ஸுக்கு நேராச் சேர்த்துக்கிட்டாங்களே! உங்களுக்கு?"

என் மூன்று வருட பி.ஏ. போதாதென்று, மேலும் ஒரு வருடம் படிக்கச் சொல்லியிருந்தார்கள். பேச்சை மாற்றுவதற்காக அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

"சுதந்திரம் வந்த புதுசுல ஜனங்களே கொடுத்துக் கட்டினது, தம்பி. கையில காசில்லாதவங்க மக்காச்சோளம் கொடுத்தாங்க. கோழியைக்கூடத் தூக்கிட்டு வந்தாங்க."

தலைப்பு வந்துவிட்டது. "அப்போ, ஒரு கோழிக்கு ஒரு டிகிரி!" என்று சொல்லிச் சிரித்தேன். நான் மட்டும்.

மாலதி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "ஊர்ப் பிள்ளைங்க படிக்கணும்னு கொடுத்தாங்க. உங்க காலேஜுக்கு உங்க வீட்டுல என்ன கொடுத்தாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் தகவலைத் திரிக்காதே என்று பத்திரிகை ஆபீஸில் மூன்று வருடம் திட்டு வாங்கியிருந்தேன்.

"ஒரு கூடை சேலத்து மாம்பழம்."

"காலேஜுக்கா?"

"பிரின்சிபால் வீட்டுக்கு. சீட் கிடைக்க எனக்கு மார்க் கொஞ்சம் கம்மி. அப்பா பின்வாசல் வழியா..."

அங்கிள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

மாலதியே என்னைத் திரும்பக் காரில் கொண்டுவந்து விட்டாள். ஸ்டேஷனில் நான் இறங்கும்போது சொன்னாள்:

"கடைசி பதில் ஒண்ணுதான் உண்மையா வந்தது. அதுக்கு மட்டும் பாஸ் மார்க்."

அந்த மார்க்கில்தான் கல்யாணம் நடந்தது. கோடை வந்தால் மெக்சிகோ மாம்பழம் ஒரு பெட்டி வாங்கி வருவேன். தமிழ் புரிந்தாலும் ஆங்கிலத்திலேயே பேசும் மகள் கதவைத் திறந்து, "ஹூஸ் அட்மிஷன் திஸ் டைம், டாட்?" என்பாள்.

அடுக்களையிலிருந்து அவள் அம்மா குரல் வரும்: "பின்வாசல் திறந்துதான் இருக்கு!"