அஃபீஃபாவின் மோவாய்ப் பிடி

ஸுப்ரஜா மிஸ்ஸின் மோவாயை அஃபீஃபா பிடித்துத் திருப்பியது அந்த வாரத்தில் மூன்றாவது முறை. அவளுடைய அப்பா கிஃபாயத்துல்லாவைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்துவிட்டார்கள்.

"போர்டுல எழுதிட்டு இருக்கேன் சார். ஸ்டூல்ல ஏறி, என் மோவாயைப் புடிச்சு வெடுக்குனு திருப்புறா. அப்புறம் குகை மாதிரி வாயைத் தொறந்து, 'மிஸ்... தண்ணி... குடிக்கணும்'னு ஒவ்வொண்ணா சொல்றா!" பத்து வகுப்புக்குக் கேட்கிற குரலில் மிஸ் பொரிந்தாள். "நேத்து கரஸ்பாண்டன்ட் சாரையும் திருப்பிட்டா. மனுஷர் இன்னும் ஒரு பக்கமாத்தான் பாத்துட்டு இருக்கார்."

"சின்னப் புள்ள மிஸ்..."

"யூ.கே.ஜி.ல முப்பது சின்னப் புள்ளைங்க இருக்கு. திருவள்ளூர்ல இதுக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்க. ஒருவாட்டி காட்டிடுங்க."

கிஃபாயத்துல்லா டாக்டர் விலாசத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வீட்டிலும் அவள் அவனை அப்படித்தான் திருப்பிக்கொண்டிருந்தாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பை அடித்து வடிவமைக்கும் கம்பெனியில் அவனுக்குப் பதினாலு வருஷ சர்வீஸ். அங்கே ராட்சதச் சுத்தியல் ஒரு அடி இறங்கினால் ஆரம்பாக்கத்து வயலில் கொக்கு எழும்பும். காதில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கம்பெனி கொடுக்கும் ஆரஞ்சு நிறப் பஞ்சுருண்டைகள் அஃபீஃபாவின் பொம்மைக்குத் தலையணை ஆகிவிடும். மனைவி பீவி ஜான் பழவேற்காட்டுக்காரி. அவள் கரையில் நின்று "ஏங்க!" என்றால், ஏரிக்குள் போன படகெல்லாம் திரும்பி வரும். பிள்ளை மட்டும் ஊதுவத்திப் புகை மாதிரி ஒரு குரலோடு பிறந்துவிட்டது.

கூட வேலை செய்யும் சின்னராசுவிடம் டீக்கடையில் ரகசியமாக யோசனை கேட்டான். சின்னராசு சொன்ன ரகசியத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

"டாக்டரா? பேஜாரு பாய்! பைத்தியம்னு சீட்டு எழுதிட்டா, நாளைக்குப் பொண்ணை எவன் கட்டுவான்? யாரையும் தொடாதன்னு சொல்லு. தானா மறந்துடும்."

சொன்னான். தங்கமான பிள்ளை, தொடுவதை அன்றே நிறுத்திவிட்டது. மறுநாளிலிருந்து ஏதாவது பேச வேண்டுமென்றால் லைட் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தது. வாப்பா நிமிர்ந்து பார்த்ததும் பேசியது. இரண்டு பல்பு, ஒரு டியூப்லைட் காலி.

கீழ் போர்ஷன் தாவீது வாசலில் மடக்கினார். "இன்னா பாய், ஊட்ல கல்யாணமா? சீரியல் லைட்டு போட்டுக்கினு கீற?"

சுவிட்சுகளின் மேல் டேப் ஒட்டினான். அஃபீஃபா தரையில் குதிக்க ஆரம்பித்தாள். தொம், தொம், தொம், அப்புறம் ஒரு வாக்கியம். தாவீது இந்த முறை மாடிக்கே வந்துவிட்டார். "பாய், என் ஊட்டு ஃபேன் கழண்டு சோத்துல வுழப்போவுது!"

ஒரு நாள் காலையில் அவன் சவரம் செய்துகொண்டிருந்தான். பின்னால் தொம், தொம், தொம். திரும்பவில்லை. பிள்ளை முக்காலியில் ஏறி, விட்ட பழக்கத்தை மறுபடி எடுத்து, மோவாயைப் பிடித்தது. பிளேடு கன்னத்தில் கோடு போட்டது. வந்த கோபத்தில் அந்தச் சின்னக் கையில் பட்டென்று ஒரு அடி போட்டான்.

அவள் அழவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸும் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஹாரன்கூட அடிக்காமல் போனானே என்று மறுநாள் டிரைவரைப் பிடித்துத் திட்டினான். "அரை தெரு எழுந்திரிக்கிற மாதிரி அடிச்சேன் பாய்!" என்று டிரைவர் கையை ஆட்டி ஆட்டிக் கத்தியதை அவன் நம்பவில்லை.

மூன்று நாள் அஃபீஃபா அவனிடம் பேசவே இல்லை. அவனுடையது இரும்பை அடித்துப் பழகிய கை. தூங்கும் பிள்ளையின் விரல்களை விரித்து விரித்துப் பார்த்தான். பிற்பாடு அந்தப் பிஞ்சுக் கையை எத்தனையோ முறை கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறான். போட்ட அடியை மட்டும் திரும்ப எடுக்க முடியவில்லை.

"திருவள்ளூருக்கு இட்டுக்கினு போறேன்" என்றான்.

"என் புள்ளையைப் பைத்தியக்கார டாக்டர்கிட்டயா? நான் வரமாட்டேன்!" பீவி ஜான் போட்ட சத்தத்தில் தெருக் காக்கைகள் ஆந்திராவுக்கே போய்விட்டன.

"அதுக்கு இன்னாவோ கோளாறு இருந்து, தெரியாம நான் அடிச்சிருந்தா? அல்லாவுக்கு இன்னா பதில் சொல்வேன்?"

அவள் பிள்ளைக்குத் தலைவாரி விட்டாள். தகப்பனும் மகளுமாக பஸ் ஏறினார்கள்.

கிளினிக் பெஞ்சில் அவன் குனிந்து சொன்னான்: "இங்க தொடக்கூடாது, குதிக்கக்கூடாது. நல்ல புள்ளையா குந்தணும், சரியா?"

அவள் தலையாட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போய்த் திரும்பினார்கள். கிஃபாயத்துல்லாவுக்கு எரிச்சல் ஏறியது. ஏழை என்றால் கூப்பிடக்கூட மாட்டார்களா? அஃபீஃபா உள்ளறைக் கதவைப் பார்த்தாள், வாப்பாவைப் பார்த்தாள். ஒரு கால் மேலே எழும்பி, பயந்து கீழே இறங்கியது. மறுபடி கதவு, மறுபடி வாப்பா. கடைசியில் ஒரு கையை உருவி, அடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவன் மோவாயைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பினாள்.

டோக்கன் கூப்பிடும் கெங்கம்மாள் அங்கே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். பிள்ளையை ஒரு பார்வை, தகப்பனை ஒரு பார்வை. நேரே வந்து அவன் முகத்தெதிரே குனிந்து, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"அஞ்சு... தபா... உன் பேரைக் கூவிட்டேன் பாய்... அஞ்சு தபாவும் புள்ளைதான் திரும்பிப் பாத்துச்சி... எதிர்த்தாப்ல காது டாக்டரு கீறாரு, மொதல்ல நீ போய்க் காட்டிக்கினு வா!"