ஒரு டப்பி, ஒரு ஆள்

சமத்துவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள், பிரெஞ்சுப் புரட்சிக்கு அடுத்த அத்தியாயத்தை மயிலாப்பூர் சித்திரக்குளத்தருகே, என் எதிர் ஃப்ளாட்டில்தான் தொடங்க வேண்டும். தொண்ணூற்றேழில் அங்கேதான் காப்பி மெஷின் வந்து இறங்கியது.

கொண்டுவந்தவன் ஜூரிக்கில் வேலை பார்க்கும் கிச்சா. அவன் அக்கா அபயாம்பாள் மாமி, கல்யாணமான நாளிலிருந்து இரண்டாம் டிகாக்‌ஷன்தான் குடித்து வருகிறார். முதல் டிகாக்‌ஷன் கணவர் வெங்கடரமணனுக்கு. ஃபில்டரில் மறுபடி வெந்நீர் விட்டு இறங்குவது மாமிக்கு. இந்த அற்ப விஷயம் ஏனோ கிச்சாவின் மனத்தை உறுத்தியிருக்கிறது.

"இதுல அந்தப் பேச்சே கிடையாது அத்திம்பேர். பொடியை டப்பியிலயே அடைச்சு சீல் பண்ணிருக்கான். ஒரு டப்பி, ஒரு ஆள், ஒரு கப். அக்காவுக்கும் ஃபர்ஸ்ட் டிகாக்‌ஷன்!" என்று பொத்தானை அழுத்திக் காட்டினான். பெட்டி நிறைய டப்பிகளையும் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான்.

மறுநாள் காலை வெங்கடரமணன் தலைமையில் 'ஆலோசனைக் கூட்டம்' நடந்தது. நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் சூப்பரின்டெண்டன்ட் என்பதால் அவருக்கு எதையும் முறைப்படி செய்துதான் பழக்கம். நான் 'நடுநிலைப் பார்வையாளர்'. மாமியின் வேலைப்பளு அடியோடு ஒழிந்துவிட்டதாக முதல் தீர்மானம் நிறைவேறியது. பால் காய்ச்சுவது, தண்ணீர் ரொப்புவது, டப்பி போடுவது, பொத்தானை அழுத்துவது, ஆற்றுவது, கழுவுவது நீங்கலாக மற்ற அனைத்தையும் மெஷினே பார்த்துக்கொண்டது.

எங்கள் இருவருக்கும் காப்பி வந்தது. பிரமாதம். மாமி தனக்கு ஒரு டப்பியை எடுத்தார்.

"அதை ஏண்டி எடுக்கறே? உள்ள கிடக்கற டப்பியில இன்னும் சத்து இருக்கு. இன்னொரு தரம் அழுத்து."

"ஆளுக்கு ஒண்ணுன்னு கிச்சா சொன்னானே?"

"வெள்ளைக்காரனுக்குச் சிக்கனம் ஏது? ஓய், நீர் என்ன சொல்றீர்?"

டப்பியில் யார் வாயும் படவில்லை, ஆகவே எச்சில் ஆகாது என்று நான் நடுநிலையோடு கருத்துத் தெரிவித்தேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மாமிக்கு ஓட்டு இல்லை.

மாமி அழுத்தினார். மெஷின் முனகிக்கொண்டே கழுநீர் நிறத்தில் ஏதோ ஒன்றை இறக்கியது. சுவிட்சர்லாந்து எஞ்சினியர்களின் மூளைக்கு எட்டாத 'இரண்டாம் டிகாக்‌ஷன் தொழில்நுட்ப'த்தை மயிலாப்பூர் ஒரே காலையில் கண்டுபிடித்துவிட்டது. எனக்கு மெய்சிலிர்த்தது. மாமி அதில் பாலை விட்டு ஆற்றிக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிச்சா போன் செய்தான். நானும் வெங்கடரமணனும் காப்பியும் கையுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் போட்ட உற்சாகக் கூச்சல் எங்களுக்கே கேட்டது.

"அக்கா! ஃபர்ஸ்ட் டிகாக்‌ஷன் எப்படி இருக்கு?"

'பேஷ்' என்று சொல்லும்படி வெங்கடரமணன் கையால் ஜாடை காட்டினார். மாமி அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"எனக்குத் தெரியலைடா கிச்சா. குடிக்கறவா ரெண்டு பேரும் இங்கதான் உக்காந்துண்டிருக்கா. கேட்டுக்கோ" என்று ரிசீவரை எங்கள் பக்கம் நீட்டினார்.