சவுந்தரநாயகர் முடி துறவாத படலம்

வாழ்க சவுந்தரநாயகர்! கொட்டாஞ்சேனைக் குலதீபம், துறைமுக அலுவலகத்துக் கோப்புகளை முப்பதாண்டு சுமந்தும் கூனாத தோளர், பங்குக் கோவில் மண்டபத்துப் பலகைமேடையிலே பன்னிரண்டாண்டு தனிச்செங்கோல் செலுத்திய கூத்துவேந்தர் புகழ் பாடப் புகுந்தோம். ஏ ஒலிபெருக்கியே, இன்றொரு மாலையேனும் கீச்சிடாது துணைநிற்பாயாக!

அலுவலகத்தில் அவர் எழுந்து நின்று வணங்க வேண்டாத ஆள் வாயிற்காவலன் ஒருவனே. ஆதலால், மனைவி மேபல் அம்மையார் அட்டைவெட்டிப் பொற்றாள் ஒட்டிச் சமைத்த அந்த மணிமுடி அவருக்கு உயிரினும் இனியது.

ஆண்டுதோறும் அங்கே ஆடப்படும் கூத்தின் இறுதியிலே உலகாசை வெறுத்த மன்னன் தம்பியிடம் முடியை நீட்டுவான். தம்பி மும்முறை மறுப்பான். மன்னன் பெருமூச்செறிந்து மீளவும் சூடிக்கொள்ள, மங்களம் பாடப்படும். மங்களம் தொடங்கும்போது முடி எவர் தலையில் இருக்கிறதோ, அடுத்த ஆண்டும் அவரே ராசா என்பது மாற்றவொண்ணாப் பங்குவழக்கு. இப்படித்தான், துறந்து துறந்தே பன்னிரண்டாண்டு ஆண்டார் நம் தலைவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு, உயிர்ப்புத் திருநாள் கழிந்த இரண்டாம் சனி மாலை. கண்ணில் நீர் பெருக, கழுத்து நரம்பு புடைக்க,

“முடியினை வேண்டேன் தம்பி, முள்ளெனக் குத்துதே – இந்தப்
படியினை ஆள்வதெல்லாம் பாரமாய்ப் போனதே”

என்று சவுந்தரநாயகர் முழங்கினார். தம்பி வேடந்தாங்கிய ஹியூபேட் முதன்முறை மறுத்தான், இரண்டாம்முறையும் மறுத்தான், மூன்றாம்முறை, அந்தோ, இரு கரத்தாலும் முடியைப் பற்றினான்!

“டேய், மறுக்க வேணும். அதுதான் முறை,” என்று பல்லிடுக்கில் சீறினார் மன்னர்.

“பன்னிரண்டு வருசமா மறுத்துப்போட்டன் அண்ணே. இனி ஏலாது. விடுங்கோ, முள்ளுக் குத்துதெண்டுதானே பாடினீங்கள்?”

மூண்டது பெரும்போர். ஒருபுறம் மன்னர் இழுக்க, மறுபுறம் இளவல் இழுக்க, சந்தையில் ஒரே பாரைமீனுக்குப் பாயும் இருவர்போல் அவர்கள் சுழல, பொற்றாள் உதிர, வாய்மட்டும் நிறுத்தாது “முடியினை வேண்டேன்” என்றே பாட, கூத்தைப் பழக்கிய பேர்னாட் அண்ணாவியார் அதே அடிக்கு ஒன்பதாந்தடவையும் தாளம் போட்டுப் பின்பாட்டுப் பாடித் தொண்டை வறண்டார். வெறுத்ததாகச் சொன்ன பொருளை மனிதர் எத்தனை விரலால் பிடிப்பர் என்பதைச் சபை எண்ணிப் பார்த்தது: பத்து.

அப்போது, பெண்பாலார் ஏறியறியா அம்மேடைமீது, கைப்பையும் கடுஞ்சினமுமாய் ஏறினார் மேபல் அம்மையார்.

“விடுங்கோ ரெண்டு பேரும்! மூண்டு நாள் குந்தியிருந்து ஒட்டினது நான்!”

முடியைப் பறித்தார். இருவரையும் பிரிக்க இரு கையும் வேண்டியிருந்தமையால் அதைத் தம் கொண்டைமேல் கவிழ்த்துவிட்டு, கணவரை ஒரு கையாலும் ஹியூபேட்டை மறுகையாலும் பிடித்து விலக்கினார். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்த அண்ணாவியார், நிமிர்ந்து பார்த்தார். மேடையில் ஒரு தலை, தலையில் முடி. உடனே மங்களத்தைத் தொடங்கிவிட்டார்.

சபை எழுந்து நின்றது. வழக்கை மாற்ற எவராலும் இயலவில்லை. பன்னிரண்டாண்டாய் அதை இரும்பாய்க் காத்தவர் சவுந்தரநாயகரே அன்றோ!

அடுத்த வருடம் மேபல் ராசாவாக நடித்தார். சவுந்தரநாயகம் திரை இழுத்தார்.