கெட்டி அண்ணனும் சோள மாவு தின்ற ராணியும்

பெரம்பலூரில் கெட்டி அண்ணன் விற்ற சூப்பில் விழுந்த ஈ எதுவும் மூழ்கிச் செத்ததில்லை. மேலேயே நடந்து கரையேறிவிடும். சோள மாவை அப்படிக் கரைத்து ஊற்றுவார். "தண்ணியா இருந்தா அது ரசம். சூப்புன்னா ஸ்பூன் நிக்கணும்" என்பது அவர் கட்சி.

மாற்றலாகி வந்த எனக்கு அந்த ஊரில் தெரிந்த முகம் இரண்டுதான். ஒன்று, என்னோடு வந்த நாய் ராணி. இன்னொன்று, என் வீட்டையொட்டி வண்டி போட்டிருந்த கெட்டி அண்ணன். மீந்த சூப்பை ராணிக்கு ஊற்றுவார். அதற்கு முன் தானே ஒரு கரண்டி குடித்துவிட்டு, "காரம் இல்ல, நீ சாப்பிடு பாப்பா" என்று சர்டிபிகேட் கொடுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாவுப் பையை என் வாசலில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார். திரும்பி வந்தால், ராணி முகமெல்லாம் பவுடர் பூசிக்கொண்டு நிற்கிறாள். பையில் பாதி மாவைக் காணோம்.

"சார், ஓடியாங்க! பாப்பா மாவத் தின்னுடுச்சு!"

தெருவே ஓடி வந்தது. பாப்பா என்றது நாயை என்று தெரிந்ததும் பாதித் தெரு திரும்பிப் போனது.

ராணி தண்ணீர்ச் சட்டியை நோக்கி நகர்ந்தாள். அண்ணன் பாய்ந்து அதைக் கவிழ்த்தார். "தண்ணி குடுக்காதீங்க சார்! மாவும் உள்ள, சூடும் உள்ள. தண்ணியும் போனா வயித்துக்குள்ளயே சூப்பு கொதிச்சுடும்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராணியை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தேன். வேப்பந்தட்டை ரோடு நெடுக மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. "அது கண்ணப் பொத்துங்க சார், இன்னும் ஆசப்படும்!" என்று கத்தினார்.

கால்நடை டாக்டர் ராணியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "சோள மாவு நாய்க்கு விஷமில்லைங்க. கொஞ்சம்னா ஒண்ணும் பண்ணாது. இவ்வளவு தின்னதால வயிறு உப்பும். தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. வாந்தி எடுத்தா, சோர்ந்து படுத்தா உடனே கூட்டிட்டு வாங்க."

அண்ணன் நெஞ்சு நிமிர்ந்தது. "அப்ப என் சூப்பு குடுக்கலாமுங்களா?"

"வெங்காயம், பூண்டு போடுவீங்களா?"

"அது இல்லாம சூப்பா?"

"அதுதாங்க நாய்க்கு ஆகாது."

"இத்தன நாளும் நானே ஊத்திக் குடுத்தேனே சார்" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே மொபெட்டை ஓட்டினார்.

அன்று மாலை அவர் கடை போடவில்லை. என் வாசற்படியில் உட்கார்ந்து ராணியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப்புக்கு வந்தவர்களிடமெல்லாம், "இன்னிக்கு லீவுங்க, பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்றார். விளக்கு வைக்கிற நேரத்தில் ராணி எழுந்து, சோம்பல் முறித்து, அவர் கையை நக்கினாள்.

மறுநாளிலிருந்து வண்டியில் இரண்டு சட்டி. சின்னச் சட்டியில், வெங்காயம் பூண்டு உப்பு எதுவுமில்லாமல், எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி. "நாய்க்குக் கறி, எங்களுக்கு எலும்பாய்யா?" என்று சூப்புக் குடிக்க வந்த ஒருவர் சண்டைக்கு வந்தார்.

"அது குறை சொல்லாம சாப்பிடுதுங்க" என்றார் அண்ணன்.

இப்போது அரியலூரில் இருக்கிறேன். அன்று, யாரையும் தெரியாத அந்த ஊரில், என் நாய்க்காக ஒரு மனிதர் பிழைப்பை விட்டுவிட்டு என் வாசலில் உட்கார்ந்திருந்தார். பெரம்பலூரை என் ஊர் என்று நான் சொல்வது அந்த மாலையிலிருந்துதான்.